ஈஸ்டருக்கு மறுநாள் ஒரு கல்யாணம்

தூத்துக்குடியில் பேக்கரி வைத்திருப்பவர்கள் ஈஸ்டர் வாரத்தில் ஊரைவிட்டு நகரமாட்டார்கள். சிலுவை போட்ட பன், சர்க்கரை முட்டை, கேக் ஆர்டர் என்று அடுப்பு அணையாத வாரம் அது. அந்த வாரத்தில்தான் நான் கடைச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, டப்பா டப்பாவாக எங்கள் ஊர் முந்திரி மக்ரூனைக் கட்டிக்கொண்டு போர்ட் பிளேரில் வந்து இறங்கினேன். ஈஸ்டருக்கு மறுநாள் பெரிய நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் வசந்தா மதினிக்குக் கல்யாணம்.

மதினி என் அண்ணன் சாமுவேலின் மனைவி. அண்ணன் பொதுப்பணித் துறை வேலையாகக் கேம்பல் பேக்குப் போனவன். சுனாமி வந்த அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், தெற்கே ஒரு நண்பர் வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அங்கே பள்ளிக்கூட டீச்சராக இருந்த மதினி மேட்டுப் பக்கம் ஓடித் தப்பித்தாள். பிள்ளைகள் இல்லை. ஊருக்கு வந்துவிடு என்று நாங்கள் எவ்வளவோ கூப்பிட்டோம். வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தீவிலேயே தனியாக இருந்தவள், இப்போது சிவலிங்கம் என்பவரைக் கட்டப்போகிறாள். பவர் ஹவுஸில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவர். நம்முடைய வேதம் இல்லை. இந்து.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கல்யாணத்தை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கிளம்பும்போது கையைப் பிடித்து உட்கார வைத்து ஒன்று சொன்னாள்.

“அவ கட்டட்டும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு கேள்வி மட்டும் கேட்டுட்டு வா. கடைசி நாள்ல எக்காளம் ஊதி எல்லாரும் எழும்பும்போது என் பிள்ளையும் கடலுக்குள்ளயிருந்து எழும்பி வருவான்லா? வந்து பொண்டாட்டியத் தேடுவான்லா? அப்ப அவ யாருகூட நிப்பா?”

இதை அம்மா எங்கள் சபைப் பாஸ்டரிடமும் கேட்டிருக்கிறாள். பரலோகத்தில் கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது என்று அவர் சொன்னார். “கல்யாணம் கெடையாது, சரி. ஆள் அடையாளம் தெரியுமா தெரியாதா?” என்றாள் அம்மா. பாஸ்டர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வேறு யாரும் கேட்டால் விடுகதை மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அப்படி இல்லை. திருச்செந்தூர் பஸ் எப்போது வரும் என்று தெரியாவிட்டாலும் வரும் என்பது தெரியும் அல்லவா, உயிர்த்தெழுதல் அவளுக்கு அந்த மாதிரி நிச்சயம். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நான் கடல் தாண்டினேன்.

போர்ட் பிளேரில் ஒரு நாள் சும்மா கழிந்தது. கப்பல் நாளைக்குத்தான் என்றார்கள். ஏன் என்று கேட்டால் யாரும் கோபப்படவும் இல்லை, பதிலும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பஸ் கால்மணி நேரம் பிந்தினால் டிரைவரின் பரம்பரையையே இழுப்பார்கள். இங்கே கப்பல் ஒரு நாள் பிந்தினால் துணியைத் துவைத்துக் காயப்போடுகிறார்கள். அபர்தீன் பஜாரில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சூரை மீன் குழம்பு சாப்பிட்டேன். பரிமாறியவர் ராமநாதபுரத்துக்காரர். “மெயின்லேண்டுலருந்தா? எப்ப ரிட்டன்?” என்றார். இந்த ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். இன்னொன்று, படகுத்துறையை இங்கே ஜெட்டி என்கிறார்கள். “ஜெட்டியில நில்லுங்க, வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று ஆட்டோக்காரர் போனில் சொன்னபோது சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் கப்பல் கிளம்பியது. வரிசை வரிசையாக இரண்டடுக்குக் கட்டில்கள். எனக்கு மேல்தட்டு. ஐம்பதை நெருங்குகிறவள் ஏணியில் ஏறுவதைப் பார்த்துக் கீழ்க்கட்டில் பஞ்சாபிப் பெரியவர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிட்டார். பட்டாளத்தில் இருந்தவராம். கேம்பல் பேயில் நிலம் கொடுத்துக் குடியேற்றிய குடும்பம். “என் பிள்ளைகளுக்குப் பஞ்சாப் என்றால் லீவுக்குப் போகிற இடம்” என்று இந்தியில் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பல் கேன்டீனில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. மறுநாளும் அதே. உப்புக் காற்றில் என் மக்ரூன்கள் மெதுமெதுவென்று ஆகிக்கொண்டிருந்தன. மொறுமொறுப்பு போன மக்ரூனைக் கொடுத்தால் கடைக்குக் கெட்ட பெயர். டப்பாக்களைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கார் நிக்கோபார் தீவில் மார்த்தா ஏறினாள். நிக்கோபாரிப் பெண், என் வயதுதான் இருக்கும். கேம்பல் பே பக்கம் கட்டிக்கொடுத்த மகளோடு ஈஸ்டர் கொண்டாடப் பெருங்கூட்டமாகக் குடும்பத்தோடு போகிறாள். என் உடைந்த இந்தியும் அவளுடைய இந்தியும் எப்படியோ ஒத்துப்போயின. நான் பேக்கரிக்காரி என்றதும் ஓலைப் பொட்டலத்திலிருந்து பழுப்பாக ஒரு கட்டியை வெட்டிக் கொடுத்தாள். தாழம்பழத்தை அவித்துக் கூழாக்கிச் செய்த ரொட்டி. மாவும் இல்லை, ஈஸ்ட்டும் இல்லை. லேசான இனிப்போடு நாக்கில் நார் தட்டியது. ஒரு வாரம் வைத்தாலும் கெடாதாம். நானும் துணியைப் பிரித்து ஒரு மக்ரூனை எடுத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தன் கூட்டத்தையே அழைத்து வந்துவிட்டாள். ஒரு டப்பா அங்கேயே காலி.

புனித வெள்ளி விடிந்தது. ஊரில் அன்று மூன்று மணி நேர ஆராதனை, முடிந்ததும் கோவில் வளாகத்தில் கஞ்சி. எனக்குத் தெரிந்து அந்தக் கஞ்சி குடிக்காத புனித வெள்ளி கிடையாது. கப்பலில் பருப்பு வாசம் வந்தது. சாப்பிடப் பிடிக்காமல் மேல்தளத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் கச்சால் தீவில் கப்பல் நின்றது. கொஞ்சம் பேர் இறங்கினார்கள், கொஞ்சம் பேர் ஏறினார்கள்.

ஏறியவர்களில் ஒருவர் நேரே என்னிடம் வந்தார். நரைத்த மீசை, வெளுத்த அரைக்கைச் சட்டை, ஒரு கையில் பலாப்பழம், மறுகையில் தூக்குவாளி.

“எஸ்தர் அம்மாங்களா? டீச்சர் போட்டோ அனுப்பியிருந்தாங்க. நான் சிவலிங்கம்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். கல்யாணத்தன்று தூரத்தில் வைத்துப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்திருந்த மனிதர் இப்படி எதிரே வந்து நிற்பார் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் தூக்குவாளியைத் திறந்தார். தேங்காய்ப் பால் ஊற்றிய கஞ்சி, மேல்தட்டில் துவையல்.

“இன்னைக்கு நீங்க கஞ்சிதான் குடிப்பீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. இந்த ஜஹாஜ்ல கிடைக்காதில்லீங்களா. எங்க மச்சான் வீட்டுல வைக்கச் சொன்னேன். சூடு ஆறியிருக்கும்.”

குடித்தேன். அந்த மனிதரிடம் மனம் இளகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் குடித்தேன். துவையலில் காரம் தூக்கலாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

அவர் தானாகவே பேசினார். குழந்தையாக இருக்கும்போது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர். கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்துக் குடியேற்றினார்கள். அங்கேயே வளர்ந்து, அங்கேயே பார்வதி என்ற பெண்ணைக் கட்டினார். ஒரு மகள். சுனாமியன்று அவர் மேட்டில் ரப்பர் பால் எடுக்கப் போயிருந்தார். பார்வதியும் மகளும் கடற்கரையில் ஒரு நிக்கோபாரிச் சிநேகிதி வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போயிருந்தார்கள்.

“நான் எறங்கி வந்து பாக்குறப்போ ஊரே இல்லீங்க. கரையே உள்ள போயிருச்சு. நின்ன எடம் எல்லாம் தண்ணி.”

“இப்ப கச்சாலுக்கு எதுக்குப் போனீங்க?”

“மச்சான்கிட்ட, பார்வதியோட அண்ணன்தான், சொல்லணுமில்லீங்களா? அவர் சரின்னுட்டார். அப்புறம் கடல்கிட்ட போய் அவங்க ரெண்டு பேருக்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன்.”

தூக்குவாளியைக் கழுவிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கேம்பல் பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வழியில் கமோர்ட்டா தீவில் நின்ற கப்பல் அங்கேயே நின்றது. இயந்திரத்தில் ஏதோ கோளாறு. அடியில் யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. விடியற்கால ஆராதனைக்குப் போய்விடலாம் என்றிருந்த மார்த்தாவின் கூட்டத்துக்கு முகம் வாடிவிட்டது. “நம் கப்பல் ஈஸ்டருக்குப் போகாது, ஐம்பது நாள் கழித்துப் பெந்தெகோஸ்தேக்குத்தான் போகும்” என்று அவர்களில் ஒருவர் இந்தியில் சொல்ல, சிரித்துக்கொண்டார்கள். பஞ்சாபிப் பெரியவர் கப்பல்காரர்களிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்து தூங்கினார். மதினிக்குப் போன் போட்டேன். “எஞ்சினு பிகட்கயாவா? இது எப்பவும் உள்ளதுதாம்ட்டி. நீ சாப்ட்டியா? அவரு சாப்ட்டாரா?” என்றாள். கெட்டுப்போய்விட்டதா என்பதற்கு எங்கள் ஊர் ராகத்தில் இந்தி.

மதினியைப் பற்றிச் சிவலிங்கத்திடம் கேட்டேன், இப்போது ஏன் கல்யாணம் என்று. சுனாமிக்குப் பிறகு கேம்பல் பேக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் கரண்ட் வேலை பார்க்கப் போன நாளிலிருந்து பழக்கம் என்றார். பல வருடச் சிநேகிதம். போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். கூட ஒரு ஆள் வரலாம், ஆனால் சொந்தக்காரராக இருக்க வேண்டும். “நீங்க யாருன்னு டீச்சரைக் கேட்டாங்க. அவங்க என்னங்க சொல்லுவாங்க? மேல போறப்போ ஜன்னல் வழியாப் பாத்தேன். மைதானத்துல தனியா நின்னுக்கிட்டிருந்தாங்க. திரும்பி வந்ததும் நான்தான் கேட்டேன், கட்டிக்கலாமான்னு.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“உங்களைக் கேக்கலாங்களா? கடல்ல போனவங்களும் எழும்புவாங்க, ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு டீச்சர் சொல்றாங்க. எனக்கு அதைக் கேக்க நல்லா இருக்கு. ஆனா எங்க பாப்பாவுக்கு ஞானஸ்நானம் எதுவும் இல்லீங்களே. எந்தக் கோயில்லயும் அது பேரை எழுதி வைக்கல. அதை யாருங்க கூப்பிடுவாங்க?”

ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு இத்தனை வருடமாக வேதம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். வசனங்கள் வாய்க்குள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

“தெரியலையே” என்றேன்.

“டீச்சரும் அதான் சொன்னாங்க” என்றார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி யாரும் பேசாததே போதும் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

இருட்டும் நேரத்தில் கப்பல் ஒருவழியாகக் கிளம்பியது.

ஞாயிறு விடியலை நான் கப்பலின் மேல்தளத்தில்தான் பார்த்தேன். இந்தப் பக்கம் சூரியனுக்கு அவசரம். ஊரில் இன்னும் கோழி கூவியிருக்காது, இங்கே கீழ்வானம் வெளுத்துவிட்டது. மார்த்தாவின் ஆட்கள் முன்பே எழுந்து முகம் கழுவி, நல்ல துணி உடுத்தி, தளத்தில் அரைவட்டமாக நின்றார்கள். பெண்கள் ஒரு குரலும் ஆண்கள் இரண்டு குரலுமாகப் பாட ஆரம்பித்தார்கள். நிக்கோபாரி மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ராகம் தெரியும். எங்கள் கோவிலில் ஈஸ்டர் அன்று ஆர்மோனியத்தோடு பாடுகிற அதே ராகம். நான் தமிழில் சேர்ந்துகொண்டேன். சொற்கள் முட்டிக்கொண்டதாக யாருக்கும் தோன்றவில்லை.

சுற்றிலும் கடல்தான். என் அண்ணன் இந்தத் தண்ணீரில்தான் எங்கோ இருக்கிறான். கல்லறை என்றால் மேலே கல் இருக்கும், மண் இருக்கும். இது வெறும் தண்ணீர். இதிலிருந்து எழுந்து வருவதற்கு யாரும் எதையும் புரட்டித் தள்ள வேண்டியதில்லை. அப்படி ஒரு நினைப்பு வந்தது. வெளிச்சம் ஏற ஏற அது அவ்வளவு அசட்டுத்தனமாகவும் தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் மார்த்தா எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டு வந்தாள். கம்பியோரமாகத் தனியாக நின்ற சிவலிங்கத்திடமும் போய், ஈஸ்டர் வாழ்த்தாக, ஆண்டவர் எழுந்துவிட்டார் என்று இந்தியில் சொன்னாள். மெய்யாகவே எழுந்தார் என்று அதற்குச் சொல்ல வேண்டிய பதில் சிவலிங்கத்துக்குத் தெரியாது.

“அச்சா ஹுவா” என்றார். நல்லதாய்ப் போயிற்று என்று.

மார்த்தா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்து, “ரொம்ப நல்லதாய்ப் போயிற்று” என்று இன்னொரு தடவை கையைக் குலுக்கினாள்.

நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

“நேத்துலருந்து எதையோ கேக்க வர்றீங்க, பாதியில திரும்பிப் போயிடுறீங்க. கேளுங்க தங்கச்சி.”

கேட்டுவிட்டேன். அம்மா சொன்னதை அம்மாவின் சொற்களிலேயே கேட்டேன். அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

“அதை நாங்க பேசி முடிச்சிட்டோங்க,” என்றார். “டீச்சர் உங்க அண்ணன்கிட்ட ஓடுவாங்க. நான் பார்வதியையும் பாப்பாவையும் தேடிப் போவேன். அதுல எங்களுக்குள்ள சண்டையே இல்ல. அந்த நாளு வர்ற வரைக்கும், காய்ச்சல்னு படுத்தா சுடுதண்ணி வச்சுக் குடுக்க ஒரு ஆளு வேணுமில்லீங்களா? அவ்வளவுதாங்க.” சற்றுப் பொறுத்துச் சொன்னார். “டீச்சருக்கு எங்க பாப்பாவைப் பாக்கணும்னு ஆசை. எனக்கும் உங்க அண்ணனைப் பாக்கணும். அவர் போட்ட ரோட்டுலதான் தினம் வேலைக்குப் போறேன்.”

தூரத்தில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. அதுதான் பெரிய நிக்கோபார் என்றார்.

ஜெட்டியில் மதினி நின்றாள். முடி நரைத்து, முன்னைவிட இளைத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, “ஏட்டி, எவ்வளவு குண்டாயிட்ட!” என்று அழுதாள். கோவிலில் ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். எங்களுக்காகவே அவள் போகாமல் காத்திருந்தாள். முதல் வேலையாக என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டது, “அத்தை என்ன சொன்னாவ?”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தையே வீடியோ காலில் வந்துவிட்டாள். பக்கத்து வீட்டு லீலா போனைப் பிடித்திருந்தாள். எங்கள் ஊரில் ஈஸ்டர் அதிகாலையில் எல்லோரும் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவது வழக்கம். மற்றவர்கள் திரும்பிய பிறகும் அம்மா அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் சாமுவேலின் பெயர் வெட்டிய ஒரு கல் நிற்கிறது. அதன் கீழே எதுவும் இல்லை. மெழுகுவத்தி ஏற்றி வைக்க ஏதாவது ஒரு இடம் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நட்ட கல் அது. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

“கேட்டியா?” என்றாள் அம்மா.

மதினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் எதையும் மாற்றாமல் சொன்னேன். அந்த நாளில் யார் யாரிடம் போவார்கள் என்று அவர்கள் பேசிவைத்திருப்பதைச் சொன்னேன். பெயர் எழுதாத தன் பிள்ளையை யார் கூப்பிடுவார்கள் என்று அவர் கேட்டதையும் சொன்னேன்.

காற்றில் ஆடிய மெழுகுவத்திச் சுடரை அம்மா கையால் மறைத்தாள்.

“அந்த மனுசனக் காட்டு.”

சிவலிங்கம் போனுக்கு முன்னால் வந்து கைகூப்பினார்.

“உம்ம பிள்ளைக்கு என்ன பேரு?”

“கோகிலாங்க.”

“என்ன படிச்சிட்டிருந்து?”

“ரெண்டாங் கிளாஸுங்க. நல்லாப் பாடும்.”

“ம்” என்றாள் அம்மா. பிறகு, “வெயிலு ஏறிட்டு. லீலா, என்னைத் தூக்கி விடு” என்றாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மதினி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லலையேட்டி” என்றாள். அன்று முழுவதும் சமையல் ஏற்பாடு, பந்தல் என்று அவள் ஓடிக்கொண்டிருந்தாலும், போன் அடிக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து யாரென்று பார்த்தாள். அம்மா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பதிவுத் திருமணம். அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. மாப்பிள்ளையே நாற்காலியில் ஏறி அதைச் சரிசெய்தார். பெண் வீட்டுச் சாட்சி யார் என்று கேட்டார்கள். மதினியோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் இரண்டு பேர் தயாராகத்தான் வந்திருந்தார்கள். அம்மாவின் முகம் ஒரு தடவை கண்ணுக்குள் வந்து போனது.

“நான்தான்” என்று எழுந்தேன். கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது. மதினி என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளூர்ச் சபையின் பாஸ்டர் சுருக்கமாக ஜெபித்தார். சாப்பாட்டுக்கு ஊரே வந்துவிட்டது. பஞ்சாபிப் பெரியவர் ஒரு சட்டி நிறைய அல்வா கொண்டுவந்தார். தெலுங்கு வீட்டிலிருந்து கோங்குரா என்கிற புளிச்சகீரைத் துவையல், வங்காளி வீட்டிலிருந்து மீன் வறுவல். மார்த்தா ஓலைப் பொட்டலத்தோடு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரே பந்தியில் ஐந்தாறு மொழி பேசினார்கள், பருப்பு வேண்டும் என்பது எல்லா மொழியிலும் புரிந்தது. கச்சால் பலாப்பழத்தை மதினி வெட்டினாள். மக்ரூன் என்னவோ நமத்துத்தான் போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. நான் மட்டும் ஒவ்வொருவரிடமும் போய், ஊரில் இது இப்படி இருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை திரும்பும் கப்பல். இரண்டு பேரும் வழியனுப்ப ஜெட்டிக்கு வந்தார்கள். வானம் மூடியிருந்தது. குடையை யார் எடுத்துவருவது என்பதில் அவர்களுக்குள் தகராறு. “நான் கேட்டுல மாட்டினேன், எடுத்தீங்களான்னு கேட்டேன்” என்கிறாள் மதினி. “எந்தக் கேட்டுன்னு சொல்லலையே டீச்சர்” என்கிறார் அவர். கட்டிய பிறகும் டீச்சர்தான். அந்தச் சண்டையின் நடுவில் என் போன் அடித்தது. அம்மா.

“ஏட்டி, கப்பல் ஏறிட்டியா?”

“இல்லம்மா. ஏம்மா போனையே எடுக்கல நீ?”

“வேல கெடந்து. அந்த மனுசன் பக்கத்துல நிக்காரா? பிள்ளைக்கு இனிஷியல் என்னன்னு கேளு.”

“எதுக்கும்மா?”

“எதுக்கா? கொத்தனாரக் கூட்டிட்டு வந்து கல்லறையில நிக்கேன். ரெண்டு நாளா இவனத் தேடிப் பிடிக்கதுக்குள்ள எனக்கு உயிரு போயிட்டு. சாமுவேலு பேருக்குக் கீழ எடம் கெடக்கு. அவனும் இங்க இல்ல, அந்தப் பிள்ளையும் இங்க இல்ல, ரெண்டும் ஒரே தண்ணிக்குள்ளதான கெடக்கு. பேரு எங்கயும் எழுதலன்னுதான அந்த மனுசன் வருத்தப்பட்டாரு? எழுதிருவோம்.”

“சபைக் கமிட்டியில ஏதாவது...”

“கமிட்டிக்காரன் வந்தா நான் பேசிக்கிடுதேன். நீ இனிஷியலக் கேளு. இவன் உளிய வச்சிக்கிட்டு நிக்கான்.”

நான் போனைக் காதிலிருந்து எடுத்தேன். குடைச் சண்டை நின்றிருந்தது. இருவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, பாப்பாவுக்கு இனிஷியல் என்ன? கல்லுல பேரு வெட்டுறதுக்கு அம்மா கேக்காங்க.”

மதினி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சி,” என்றார் அவர். “சி. கோகிலா.” பிறகு தயங்கித் தயங்கி, “அவங்கம்மா பேரு பார்வதிங்க... அதையும் சேத்து...” என்று இழுத்தார்.

அது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. “ஏய், இன்னொரு பேரும் இருக்குப்பா. எடம் விட்டு வெட்டு” என்று அந்தப் பக்கம் கொத்தனாரிடம் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் பிடித்தேன். கப்பலில் ஏறச் சொல்லி இரண்டாம் முறை ஊதினார்கள். மூன்று பேரும் தலையைக் குனிந்து, உளி கல்லில் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.